'பக்சி' என்னும் சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும்

மத்திய ஆசிய முஸ்லிம் சிற்றூர்களில் ஆவிகளை அழைத்து நோய் தீர்ப்போரைக் குறிக்கும் 'பக்சி' என்னும் சொல் மொழிபெயர்ப்பாளரை இடர்ப்படுத்துவதாகும். அதனைச் 'சாமியாடி' எனப் பெயர்த்தல் எளிது. பொருந்துமா என்பதே வினா.

இச்சொல் சீன மொழியில் கற்றறிந்தவரைக் குறித்த சொல்லினின்று பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. பண்டை உய்குர் மொழியில் அது பௌத்த ஆசானைக் குறித்தது. மங்கோலியர் ஆட்சியில் உய்குர் எழுத்தறிந்த எழுத்தரைக் குறித்தது. முகலாயர் ஆட்சியில் படையின் ஊதியக் கணக்கை மேற்பார்த்த 'மீர் பக்ஷி' ஆயிற்று. ('கொடுத்தல்' எனப் பொருள்படும் பாரசீக வினையோடு இதனை இணைப்பது ஒலியொப்புமை பற்றியதே.) இன்று துருக்மேனியரிடையே பக்சி ஒரு பாடகர். கசாக்கியரிடையே, 'கோபிஸ்' என்னும் வில்லிசைக் கருவியை இசைத்து ஆவிகளை அழைப்பவர். உஸ்பெக்கியரிடையே வட்டாரத்திற்கேற்ப இரு பொருளும் உண்டு.

பக்சியின் வேண்டுதலில் அல்லாஹ்வும் நபிமார்களும் இறைநேசர்களும் அழைக்கப்படுவர். துணைநிற்கும் ஜின்களும் அழைக்கப்படும். ஜின் என்னும் படைப்பு உண்டென்பது திருக்குர்ஆன் கூற்றேயாம். அவற்றின் உதவியை நாடுவதையே மார்க்க அறிஞர் கண்டிக்கின்றனர். 'சாமியாடி' என்ற அளவில் ஜின் தெய்வமாகிவிடுகிறது. தம்மை முஸ்லிம் என்றே கருதும் பக்சி, மொழிபெயர்ப்பில் வேற்றுச் சமயத்தவராகிவிடுகிறார். இது சிறு பிழையன்று. சைபீரிய எவெங்கி மொழியினின்று வந்த 'ஷாமன்' என்னும் சொல்லும் இத்தகையதே. விளாதிமிர் பசிலோவின் 1992ஆம் ஆண்டு நூல் போன்ற சோவியத் மரபு ஆய்வுகள் இவ்வழக்கங்களை 'ஷாமனியம்' என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்தமையால், அவற்றின் இஸ்லாமியக் கூறு மேற்பூச்சாகவே பலர்க்குத் தோன்றலாயிற்று.

சொற்களோ வேறு சான்று பகர்கின்றன. கசாக் மொழியில் மூதாதையர் ஆவியைக் குறிக்கும் 'அருவாக்', 'ரூஹ்' என்பதன் அரபுப் பன்மையாகிய 'அர்வாஹ்' என்பதன் திரிபு. அங்கு அது ஒருமை. தமிழ் முஸ்லிம்கள் 'வலீ' என்பதன் பன்மையாகிய 'அவுலியா'வை ஒருமையாகக் கொண்டு 'அவுலியாக்கள்' என்பதும் இவ்வாறே. மக்கள் வழக்கில் நெடுநாள் வேரூன்றிய கடன்சொற்களுக்கே இத்தகைய மாற்றம் நேரும்.

தாஜிக், உஸ்பெக் ஊர்களில் பெரும்பாலும் பெண்களாக உள்ள 'ஃபோல்பின்' என்போரைக் 'குறிசொல்பவர்' எனலாம். 'குறி காண்பவர்' என்பதே அச்சொல்லின் பாரசீகப் பொருள். பக்சியை அவ்வாறே ஒலிபெயர்த்து, முதலிடத்தில் 'ஜின்களை அழைத்து நோய் தீர்ப்பவர்' என விளக்குதல் தகும். 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய நூல்களைப் பெயர்ப்போர் மற்றொன்றும் நோக்க வேண்டும்: சோக்கான் வலிகானோவ் (1835–1865) எழுத்துகளில் உள்ளவாறு, அக்காலத்துக் 'கிர்கிஸ்' பெரும்பாலும் இன்றைய கசாக்கியரையே குறிக்கும்.