பிழை பிள்ளையிடமா, பதிப்பிலா?

பொம்மனஹள்ளியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பைதான் என்னும் கணிப்பொறி மொழி சொல்லித் தருகிறேன். அவென்யூ ரோட்டில் வாங்கிய பழைய புத்தகத்தைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதியும் 'இலக்கணப் பிழை' என்று திரையில் வந்தால், தனக்கு இது வராது என்று பிள்ளை ஒதுங்கிவிடுகிறது.

1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்குமுன் துதிக்கை போட்டு 'லை', 'னை' எழுதியவர் பிழையாகவா எழுதினார்? பைதானிலும் அதே கதைதான். இரண்டாம் பதிப்பில் 'பிரிண்ட்' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி தேவையில்லை. 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அது கட்டாயம்.

நாம் எழுதியதைப் படித்து இலக்கணம் பார்க்கும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். அதற்குத் தன் பதிப்பின் இலக்கணமே தெரியும். பழைய வழக்கைப் புதிய பார்சருக்குச் சொல்லி வைக்கலாம். அதனால்தான் இன்றைய பைதான் அடைப்புக்குறி விட்டுப்போனதைச் சுட்டிக் காட்டுகிறது. ஆனால் 2021-ல் 3.10 பதிப்பில் சேர்ந்த 'மேட்ச்' கட்டளையை 3.9 பதிப்பிடம் கொடுத்தால் வெறுமனே பிழை என்றுதான் சொல்லும். பின்னால் வரப்போவது அதற்கு எப்படித் தெரியும்?

ஆகவே பெற்றோர்களே, பைதானைத் திறந்ததும் முதல் வரியில் தெரியும் பதிப்பு எண்ணைப் புத்தகத்தின் பதிப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு பதிப்பில் பிழை, மற்றதில் சரி என்றால் குறை பிள்ளையிடம் இல்லை.