வீமனின் கொழுவி

வீட்டிலே குடைக்கு ஓரிடம் உண்டு. சாவிக்கு ஓரிடம் உண்டு. சீப்புக்குக்கூட ஓரிடம் உண்டு. நாயைப் பிடித்துச் செல்லும் தோல்வாருக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் இடம் கிடையாது. அது ஒருநாள் கதிரையின் முதுகில் தொங்கும். மறுநாள் கிணற்றுக்கட்டிற் கிடக்கும். அவசரமாக வேண்டிய நாளில் எங்குமே இராது.

எங்கள் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஊர் வாசிகசாலை முன்றலில் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் நாள் அது. எங்கள் வீமனுக்கு அப்போது மூன்று வயது. வாரைத் தேடினேன், கிடைக்கவில்லை. நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் மாட்டுக்கொட்டிலிற் கிடந்த தும்புக் கயிற்றை அவன் கழுத்துப்பட்டியில் முடிந்து அழைத்துச் சென்றேன். வழியில் வேறொரு நாய் குரைத்தது. வீமன் ஒரே துள்ளாகத் துள்ளினான். முடிச்சு அவிழ்ந்தது. அவன் எவரையும் கடிக்கவில்லை. ஆனால் எதிரே சைக்கிளில் வந்த சிறுவன் ஒருவன் அஞ்சித் தடுமாறி வீதியில் விழுந்தான். வலது கை முறிந்தது. ஆறு வாரங்கள் அந்தப் பிள்ளை கட்டுடன் பாடசாலைக்குப் போய்வந்ததை நாள்தோறும் படலையில் நின்று பார்த்தேன்.

"கயிறு இல்லையெண்டால் நாயைக் கொண்டு வராமல் விட்டிருக்கலாமே, அண்ணை" என்றார் அவன் தாயார். கோபித்துக் கூறியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் கூறினார். தோல்வார் மூன்றாம் நாள் நெல் மூட்டைக்குப் பின்னால் அகப்பட்டது. அதனை அங்கே போட்டவன் நானே.

அந்த வாரமே கொழுவி ஒன்று செய்வதென முடிவு செய்தேன். கடைகளில் இரும்புக் கொழுவிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என நேயர்கள் கேட்கலாம். மழையில் நனைந்த தோல்வாரை இரும்பில் மாட்டினால் துருவின் கறை தோலில் ஏறும். கூரிய வளைவு தோலை ஒரே இடத்தில் மடித்து வெடிக்கச் செய்யும். தடித்த மரமுளையில் வார் வளைந்து தொங்கும், காற்றுப்பட்டு உலரும். பெயரையும் மரத்திலே வெட்டலாம். என் மகளுக்கு அந்தக் கடைசிக் காரணமே முதற் காரணமாயிற்று.

மரத்தைப் பற்றி எங்கள் ஊர் ஓடாவியாரிடம் கேட்டேன். பாலையும் முதிரையும் உறுதியானவை. ஆயினும் பழகாத கைக்கு உளி அவற்றில் இறங்காது. பனஞ்சலாகை நார் பிளந்து சிலாம்பு ஏறும். எழுத்து வெட்ட அது உதவாது. மாம்பலகையை வண்டு விரைவில் துளைத்துவிடும். பலாவே ஏற்றது என்றார். அது உளிக்கு இசைந்து கொடுக்கும். அறுத்த புதிதில் மஞ்சளாயிருந்து ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன் நிறமாகிப் பின் கபிலமாகும். இவ்வளவு சிறிய வேலைக்கு மரம் விலைக்கு வாங்கவேண்டியதில்லை. கதவு, யன்னல் செய்யுமிடங்களில் கழித்துப் போடும் துண்டே போதும். நன்றாக உலர்ந்ததா என்பதை மட்டும் பார்த்துக்கொள்க. ஈரப்பலகை பின்னர் நெளியும்.

பலகையின் நீளம் 16 அங்குலம், அகலம் 6 அங்குலம், தடிப்பு 1 அங்குலம். சீவுளியால் முகத்தைச் சீவி, விளிம்புகளின் கூர்மையை மழுக்கிக்கொள்ளவேண்டும். கீழ் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில் ஒரு கோடு கீறி, அதில் மூன்று முளைகளுக்குக் குறியிடுக. இரு அந்தங்களிலும் 3 அங்குலம் விட்டால் முளைகளுக்கிடையே 5 அங்குல இடைவெளி அமையும். முளைகள் முதிரைக் கம்பிலோ பாலைக் கம்பிலோ செதுக்கப்படலாம்; தடிப்பு அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், பலகைக்கு வெளியே நீட்டி நிற்பது 3 அங்குலமாகவும் இருத்தல் நன்று. துறப்பணத்தை நேராகப் பிடிக்காமல், முளையின் நுனி சற்று மேல்நோக்கும்படி சரித்துத் துளையிடவேண்டும். இதில் நான் முதன்முறை தவறினேன். நேராகத் துளைத்த முளையிலிருந்து வார் நழுவி நழுவி விழுந்தது, பலகை விறகாயிற்று. துளைக்குள் வெள்ளைப் பசை தடவி முளையை இறுக்கி, ஒருநாள் அசைக்காமல் விட்டுவிடுக.

மூன்று முளைகள் எதற்கு? ஒன்றில் தோல்வார், ஒன்றில் வாய்க்கூடை, மூன்றாவதில் சிறு துணிப்பை. அந்தப் பையில்தான் நாயின் தடுப்பூசி அட்டையும் பதிவுப் பத்திரமும் இருக்கவேண்டும். இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டில் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. பிரான்சிலே லூயி பாஸ்டர் விசர்நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பு மருந்தேற்றிக் காப்பாற்றியது 1885ஆம் ஆண்டு. அன்று தொட்டு மருந்து இருக்கின்றது. ஆயினும் நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது என்ற நிலை இன்றும் மாறவில்லை. நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி, நாய்க்கு ஊசி போட்டதா என்பதே. அட்டையைத் தேடி அலுமாரியைக் குடையும் நேரமன்று அது.

இனிப் பெயர். பலகையிலேயே பெரிதாக வெட்டிவிட என் மகள் ஆசைப்பட்டாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. ஓடாவியார் தலையசைத்தார்.

"பலாப் பலகை உங்கட பேரப்பிள்ளையள் காலத்துக்கும் நிக்கும், தம்பி. நாய் நிக்குமோ? பேரை வேற துண்டில வெட்டிப் பூட்டுங்கோ."

மகள் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. எனினும் அவர் சொன்னபடியே 8 அங்குல நீளமும் 2 அங்குல அகலமுமான மெல்லிய துண்டொன்றில் பெயரை வெட்டி, இரண்டு புரியாணிகளால் முளைகளுக்கு மேலே பூட்டினோம்.

தமிழெழுத்தை மரத்தில் வெட்டுவது பொறுமைக்குச் சோதனை. ட, ப போன்றவை நேர்கோடுகளாதலால் எளிதில் வரும்; சுழியுள்ள எழுத்துக்களே கையைச் சிரமப்படுத்தும். வீமன் என்ற பெயரில் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் சுழியுடையவை! கடதாசியில் அளவாக எழுதி, அதன் பின்புறத்தைப் பென்சிலாற் கறுப்பாக்கி, துண்டின் மேல் வைத்து எழுத்தின் வழியே அழுத்தி வரைந்தால் உருவம் மரத்திற் படியும். பின்னர் கோட்டின் நடுவே உளியைச் செங்குத்தாகத் தட்டி, இருபுறமிருந்தும் சரிவாக வெட்டியெடுக்கவேண்டும். நடுவெட்டின்றிச் சரிவாகத் தொடங்கினால், மரத்தின் இழையோடு சிராய் பெயர்ந்து எழுத்துச் சிதையும். சுழிகளின் உட்புறத்தைச் சிறு துறப்பணத்தால் முதலிலே தொட்டுக்கொள்வது நல்ல உபாயம். ஏட்டிலே புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று முன்னோர் புள்ளியை விட்டே எழுதினர். மரத்திலோ எல்லாவற்றிலும் எளிது புள்ளிதான். மகள் அதனைத் தானே வைத்தாள். வேண்டியதைவிடச் சற்று ஆழமாகவே வைத்தாள்.

அரத்தாளால் இழையின் போக்கிலே தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாக இருமுறை பூசினோம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையிற் போடலாகாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலரவிடுக.

எங்கள் வீடு பழைய சுண்ணக்கல் வீடு. ஆணியை அடித்தால் சாந்து உதிருமேயன்றி ஆணி நில்லாது. ஆகவே சுவரைத் துளைத்து மர ஆப்பு இறுக்கி, அதில் நீண்ட புரியாணிகளை முடுக்கினோம். விறாந்தையில், வாசற்கதவுக்கு அருகே, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், நாயின் பல்லுக்கு எட்டாதபடி அது அமைந்தது. இன்னுமொன்று: கொழுவி வாரை மாட்டுவதற்கே, நாயை அதிற் கட்டிவைத்தால் சுவரும் பலகையும் ஒருங்கே பெயர்ந்து வரும்.

கை முறிந்த சிறுவன் கட்டவிழ்த்த பின் ஒருநாள் வந்து இதனைப் பார்த்தான். வீமனை வாரில் மாட்டி ஒழுங்கையின் முனை வரை தானே நடத்திச் செல்லலாமா என்று கேட்டான். நான் அவர்களுக்குப் பின்னே நடந்தேன். அதன் பின் அது சனிக்கிழமைதோறும் வழக்கமாயிற்று.

ஒன்பது ஆண்டுகள் அந்த வார் அந்த முளையிலே தொங்கியது. சென்ற மாரியில் வீமன் போய்விட்டான். விடுமுறைக்கு வந்திருந்த மகள் இரண்டு புரியாணிகளையும் கழற்றி, பெயர்த்துண்டைத் துணியிற் சுற்றித் தன்னுடன் பல்கலைக்கழக விடுதிக்கு எடுத்துச் சென்றாள். துண்டு இருந்த இடத்தில் மட்டும் பலகை இன்னும் மஞ்சளாக இருக்கின்றது.

இப்போது விறாந்தையில் ஒரு குட்டி படுத்திருக்கின்றது. முதல் ஊசி போட்டாயிற்று. அட்டை பைக்குள் இருக்கின்றது. பெயர் விடயத்தில் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. சுழியில்லாத பெயராகப் பார்க்கும்படி நான் சொல்லியிருக்கின்றேன்.