காமன் பொட்டலும் தொல்பொருள் தினமும்

இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 7ஆம் திகதி தேசிய தொல்பொருள் தினம். 1890இல் எச்.சி.பி. பெல்லைத் தலைவராகக் கொண்டு தொல்பொருள் திணைக்களம் பணி தொடங்கியதை நினைவுகூரும் நாள் அது. அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சிகிரியாவையும் காட்டிலிருந்தும் மண்ணிலிருந்தும் மீட்டெடுத்த பெரும் உழைப்பு அந்தத் திணைக்களத்துடையது. எது பண்டையது, எது அல்ல என்பதற்கு எல்லை வகுத்ததோ 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதே அதன் கணக்கில் பண்டைய நினைவுச்சின்னம். பிந்திய கட்டடங்களைத் தனி ஆணை மூலம் பாதுகாக்க வழியுண்டு. ஆனால் யாராவது கேட்டு வாங்க வேண்டும், தானாகக் கிடைக்காது.

இந்த 1815 திகதியின் கனம் மலையகத்து நானுஓயாவில் தெரியும். மலையகத் தமிழரின் வரலாறு கோப்பித் தோட்டங்களோடு 1820களில் தொடங்குகிறது. அதாவது சட்டம் கோடு கிழித்த இடத்திலிருந்து ஏறத்தாழ பத்து ஆண்டு தள்ளி. தேயிலை இன்னும் பிந்தியது: லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதை நட்டது 1867இல். இரண்டு ஆண்டில் கோப்பியை இலைத்துரு நோய் தாக்க, மலைச்சரிவுகள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின. கொழும்பிலிருந்து சுமார் 207 கிலோமீட்டர் ஏறி ரயில் நானுஓயாவை எட்டியது 1885 மே 20ஆம் திகதி. பாதை பதுளையைத் தொட மேலும் 39 ஆண்டுகள் பிடித்தன. நிலையம், பாலங்கள், சுரங்கங்கள், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர், தொழிலாளர் வாழும் லயம் என எல்லாமே அந்தக் கோட்டுக்கு இப்பால்தான்.

நானுஓயாவுக்கு இன்னொரு ரயிலும் இருந்தது. நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஏறிய குறுகிய பாதை அது. 1903இலும் 1904இலும் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டு, லொறிகளோடு போட்டியிட முடியாமல் 1940களில் மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்ந்துபோயின. அந்தப் பாதை போன தடத்தை நடந்தே காட்டினால் அதுவே ஒரு தொல்லியல் பாடம்.

பதுளைவரை போகும் அகலப்பாதையின் நினைவு வேறு வகையானது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. மலையக நிலையங்களில் ஏறித் தலைமன்னார்வரை போய்க் கப்பலேறியவர்களை வழியனுப்பிய அழுகை அந்தத் தலைமுறையின் காதில் இன்னும் இருக்கிறது. மலையகத்தில் ரயிலுக்குப் பெயர் கோச்சி, மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுப்பொன்றுக்கு வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ரயில் மேடையைக் கட்டடக் கலைக்காக மட்டும் போற்றும் எந்தப் பாரம்பரிய விழாவும் இந்தப் பகுதியில் அரை விழாவாகவே இருக்கும்.

மலையகத்தின் பெரும்பான்மைக் கட்டடம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் சின்ன இஸ்தோப்பு, மேலே தகரம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று. விறகுப் புகை தலைமுறை தலைமுறையாக ஏறி ஏறிக் கறுத்துப்போன சுவர், அகழ்வாய்வாளர் மண்ணடுக்கைப் படிப்பதுபோலப் படிக்கத் தக்கது. வெளியே எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பீலி. குளித்தல், துவைத்தல், ஊர்ச் செய்தி மூன்றும் அங்கேதான். உள்ளே டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய தாள்கள். தொழிலாளியின் கடனை எழுதி, அந்தக் கடனோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிய 'துண்டு' 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அப்படியொரு தாள் எங்காவது மிஞ்சியிருந்தால் அது கல்வெட்டுக்கு நிகரான சான்று.

லயத்தை இடித்து, காணியோடு தனி வீடு கட்டித் தருவதே மக்களின் கோரிக்கை. அது நியாயமானது, எந்தக் குடும்பமும் காட்சிப் பொருளாக வாழக் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் காப்பது அல்ல, ஒன்றிரண்டைக் காத்து மற்றவற்றை அளந்து, படமெடுத்து, அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டுப் பதிவதே செய்யக்கூடிய வேலை. முன்மாதிரி கம்பளைக்கு அருகே இருக்கிறது. பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றைக் கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகத் திறந்தது. வேலைக் கருவிகள், சமையல் பாத்திரங்கள், நகைகள், ஆவணங்கள் அங்கே உள்ளன. ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. அது இயந்திரத்தின் கதை. பீக்கொக் லயம் கொழுந்து கிள்ளிய கையின் கதை.

மண்ணைத் தோண்டாமல் நடந்தே வரலாற்றை மீட்ட நிகழ்ச்சி 2023இல் நடந்தது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவதையொட்டி 'மாண்புமிகு மலையக மக்கள்' கூட்டிணைவு ஒழுங்குசெய்த நடைபயணம் ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. மன்னார், மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். தோணியில் வந்து இறங்கிய முன்னோர் ரயில் வருவதற்கு முன்னால் காட்டு வழியே நடந்த பாதை அது. பசியிலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. அந்தச் சாலையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பகல் வெயிலில் நடந்தார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூவரும் கூட நடந்தார்கள். வேர்களை மீட்பதும் உரிமைகளை வெல்வதும் ஒரே முழக்கத்தில் சேர்ந்திருந்தன. காணி, வீடு, சம்பளம் பற்றிய கோரிக்கைகளைப் பழைய வரலாற்றின் மேல் நிறுத்தியதே இந்த நிகழ்வின் பலம்.

மலையகத்தில் தியாகிகளின் நாளும் உண்டு. முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது 1940 ஜனவரி 10ஆம் திகதி. தொல்பொருள் சட்டமும் அதே ஆண்டுதான்.

வெளிநாடுகளில் பாரம்பரியத்தைக் கொண்டாடும் விழாக்களுக்கு வயது அதிகமில்லை. பிரான்சு 1984இல் பழைய கட்டடங்களின் கதவுகளை ஒரு நாள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அது பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் கீழடி அகழாய்வுக் குழிகளைப் பார்க்க ஊர் ஊராகச் சனம் திரண்டது. அங்கு அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது.

மலையகத்திலோ விழா முன்பே இருந்தது. அதன் பெயர் காமன் கூத்து. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரை இரவுதோறும் தப்பு அதிர, மன்மதனும் ரதியும் வருவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகும் காமனைத் தடுத்துக் கெஞ்சும் ரதி பெரும்பாலும் தோட்டத்து இளைஞன் ஒருவன்தான். முகப்பூச்சு வேர்வையில் கலைய விடிய விடிய ஆடிவிட்டு, காலையில் அவனே வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போவதும் உண்டு. கடைசி இரவு காமன் எரிக்கப்படுவான். மூன்றாம் நாள் எழுப்பப்படுவான். ஆட்டம் நடக்கும் வெளி பல தோட்டங்களில் காமன் பொட்டல் என்றே வழங்குகிறது. வரைபடத்தைவிட மக்கள் வாயில் வாழும் இடப்பெயர் அது.

இந்தக் கூத்து தஞ்சை, திருச்சிச் சீமைகளிலிருந்து மனிதர்களோடு வந்த சுமை. பாட்டும் அடவும் கூத்து மாஸ்டரின் நெஞ்சில்தான் இருக்கின்றன. நானுஓயாவுக்குக் கீழே வட்டகொடையை அடுத்த மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். மாத்தளை வடிவேலன் மலையகக் கலைகளைப் பதிவுசெய்தார். இப்போது ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. மாசி இரவுகளில் பாட்டை முழுதாகப் பதிந்து, பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், திகதி நான்கையும் சேர்த்து எழுதி, பக்கத்துப் பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி வைப்பதற்குத் திணைக்களத்தின் அனுமதி தேவையில்லை.