சிவகாசிக்கு ஒரு மடக்குக் கத்தி

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தப்ப, பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் சொந்தக்கார அண்ணன் ஒருத்தரிடம் புதுசா வாங்கின மடக்குக் கத்தியைப் பெருமையாகக் காட்டினேன். வாங்கித் திறந்தார். 'டக்'னு ஒரு சத்தம். மூடினார், மறுபடியும் 'டக்'.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தச் சத்தம் எங்க அறைக்குள்ள கேக்கக் கூடாது."

"சத்தம் வராத கத்தி ஒண்ணு செஞ்சா?"

"செஞ்சு காட்டு, பாப்போம்."

அந்தச் சவாலை எடுத்துக்கொண்டு நோட்டில் கிறுக்கிய படங்களின் கதைதான் இது.

முதலில் அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மடக்குக் கத்தியில் அலகு, பிடி, இரண்டையும் கோக்கும் ஆணி, இந்த மூன்றும் இருந்தே ஆகணும். மீதி எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: திறந்த அலகு தானாக மடங்கி விரலை வெட்டாமல் எப்படி நிற்கும்? பழைய பதில், ஆணியின் இறுக்கம். வேறு எதுவும் கிடையாது. அதற்கடுத்தது, பிடியின் முதுகில் ஒரு வில். அலகின் அடிப்பாகத்தை அது அழுத்திக்கொண்டே இருக்கும். அலகு முழுசாகத் திறந்ததும் பள்ளத்தில் விழும். எஃகின் மேல் எஃகு விழும் சத்தம்தான் அந்த 'டக்'. இந்தக் காலத்துக் கத்திகளில் பக்கவாட்டுப் பூட்டு வந்துவிட்டது. அதிலும் உலோகம் உலோகத்தில் போய் இடித்துத்தான் நிற்கும்.

மடக்கு என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஓலையில் எழுதிய காலத்தில் நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலையை நறுக்கவும் வாரவும் கத்தி. இரண்டையும் நடுவிலுள்ள பிடிக்குள் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். பேனாக்கத்தி என்ற சொல் வருவதற்கு முன்பே நாம் வைத்திருந்த பேனாக்கத்தி!

சரி, சிவகாசிக்கு வருவோம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லாருக்கும் தெரியும். பட்டாசு அதற்குப் பின்னால் வந்தது. இன்று மாவட்டத்தில் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு சொல் தவறாமல் கூட வரும்: உராய்வு. 'மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக...' படித்துப் படித்து நமக்கு மரத்துப்போன வரி. குளோரேட் உப்போடு கந்தகம் சேர்ந்த கலவை லேசாகத் தேய்த்தாலே பற்றும் என்பதால்தான் 1992இல் அதற்குத் தடை வந்தது. இன்று வெடிகளில் போகும் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் கலவை அந்த அளவுக்கு மோசமில்லை. அதுக்காக அது சாதுவும் இல்லை. மருந்து புழங்கும் அறைக்குள் இரும்புக் கருவி கூடாது. மரம், செம்பு, பித்தளை மாதிரிப் பொறி பறக்காத பொருள்தான் இருக்கணும் என்கிறது விதி.

பொறி என்பது சும்மா வெளிச்சம் இல்லை. எஃகு எதிலாவது உரசும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று பிய்ந்து, சூடாகி, காற்றில் எரிகிறது. செம்பும் பித்தளையும் மென்மையானவை, சூட்டைச் சட்டென்று கடத்திவிடும், துணுக்கு எரியாது. அப்படியானால் இன்றைய கத்திப் பிரியர்கள் கொண்டாடும் டைட்டானியம் பிடி? அது எஃகை விட மோசம். உரசினால் பளீர் வெள்ளைப் பொறி பறக்கும். வாணங்களில் வெள்ளிப் பொறிக்காகப் போடுவதே டைட்டானியத் தூளைத்தான்! அலுமினியப் பிடியும் வேண்டாம். துருப்பிடித்த இரும்பில் அது மோதினால் சூடான பொறி வரும். பிளாஸ்டிக், நைலான் பிடி? நிலைமின்சாரம் சேரும். அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, பருத்தித் துணியில் போகச் சொல்லும் இடத்தில் நைலானுக்கு என்ன வேலை?

ஆக, என் முதல் படம் மரப்பிடி, செம்புக் கலவை அலகு, வில் இல்லாத வெறும் இறுக்க மடக்கு. பிரான்சில் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்த கத்தி இந்த ஜாதிதான். அதன் பூட்டு வளையம் 1955இல்தான் சேர்ந்தது. ஜப்பானின் ஹிகோனோகாமியும் அப்படியே. மடித்த தகடுதான் பிடி, அலகின் வாலில் ஒரு நெம்பு, திறந்திருக்கும்போது அதைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும். வில்லும் இல்லை, 'டக்'கும் இல்லை. அலகுக்குப் பெரிலியம் செம்பு பிடித்தேன். சூடேற்றிப் பதப்படுத்தினால் ராக்வெல் அளவில் 40 வரை கடினம் வரும். நல்ல கத்தி எஃகு 55, 60. வெட்டும், ஆனால் அடிக்கடி தீட்டணும். தீட்டும்போது வரும் பெரிலியத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அதனால் அடித்துவிட்டு, பாஸ்பர் வெண்கலம் என்று எழுதினேன்.

படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். போனில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஆணிக்குள்ள மருந்து போனா எப்படிப்பா எடுப்ப?"

இரண்டு நாள் அதையே யோசித்தேன். மடக்கு என்றாலே இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தேய்க்கும் இடம். அது என் இறுக்க மடக்கில் இன்னும் அதிகம், ஏனென்றால் தேய்மானத்தை நம்பித்தான் அந்தக் கத்தியே நிற்கிறது. மருந்துத் தூள் அந்த இடுக்கில் நுழைந்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அரைபடும். கூடவே சட்டைப்பையிலிருந்து வந்த மணல் ஒரு துணுக்கு இருந்தால் போதும், தேய்ப்பு இன்னும் கூடும். பொறி பறக்காத உலோகம் பொறியைத்தான் தடுக்கும், உராய்வைத் தடுக்காது. 'டக்'கை ஒழிக்கிறேன் என்று செய்தித்தாளின் அந்தப் பழைய சொல்லையே பிடிக்குள் வைத்து ஆணி அடித்திருக்கிறேன்.

அறைக்குள் மடக்குக் கத்தியே கூடாது. ஒரே துண்டு உலோகம், இடுக்கு இல்லாத பிடி, தண்ணியில் கழுவினால் சுத்தமாகணும். இதுதான் என் இரண்டாவது படம். சட்டைப்பையில் வீட்டுக்கும் டீக்கடைக்கும் போய்விட்டுத் திரும்பாமல், அந்த அறையிலேயே கிடக்கிற கத்தி.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. பித்தளை சீக்கிரம் மழுங்கும். திரி நறுக்குகிறவருக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில். மழுங்கின கத்தியால் அன்றைக்கு நூறு ரூபாய் குறையும் என்றால், அவர் இடுப்பில் முடிந்துகொண்டு வரப்போவது அரை சவர பிளேடு. யாரைக் குற்றம் சொல்ல? அதனால் வெட்டுகிற முனை மட்டும் மெல்லிய வெண்கலத் தகடாக, மழுங்கினால் அறைக்கு வெளியே கழற்றி மாற்றுகிற மாதிரி வரைந்தேன். உடனே திருகு எங்கே, இடுக்கு எங்கே என்று பழைய கேள்வி வந்து நிற்கிறது. இப்போதைக்குத் தோன்றுவது: கத்தியை மாற்றாமல் கத்திகளை மாற்றுவது. ஆளுக்கு மூன்று கத்தி, காலையில் தீட்டிக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்குவது. தீட்டும் கல் அறைக்கு வெளியே, ஒரே ஆளிடம்.

"மூணு கத்திக்கு முதலாளி ஒத்துக்கணுமே" என்றார் அண்ணன். அப்புறம், "படத்தை அனுப்பு, கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

முதல் படம் வீண் போகவில்லை. அட்டைக் குழாய் சுற்றுகிற இடத்திலும் காலண்டர் அச்சகங்களிலும் மருந்து கிடையாது. சணலும் பேப்பர் கட்டும்தான் அறுக்கணும். அங்கே வெண்கலமும் தேவையில்லை. கார்பன் எஃகு அலகு, கருவேல மரப்பிடி, ஆணியில் ஒரு பித்தளை வளையம். முதல் மாதிரிக்குப் பிடி செதுக்க ஆரம்பித்துவிட்டேன்.