தாஜ்மகாலின் தமக்கை

ஆக்ரா என்றதும் நம் அகக்கண்முன் தோன்றுவது தாஜ்மகால் ஒன்றே. ஆயின், அதே நகரில், யமுனையின் மறு கரையில், அதனினும் பத்தாண்டு மூத்த சமாதியொன்று அடக்கமே உருவாய் நிற்பதை நம்மிற் பலர் அறியோம். தாஜ், மனைவியை இழந்த கணவர் எழுப்பியது. இதுவோ பெற்றோரை இழந்த மகள் எழுப்பியது. அம்மகளே பேரரசி நூர்ஜஹான்.

பாரசீகத்தில் வாழ்வு நொடித்து, பிழைப்புத் தேடி இந்தியா நோக்கிப் புறப்பட்டவர் மிர்சா கியாஸ் பேக். வழியில், காந்தகார் நகரில், 1577ஆம் ஆண்டு அவருக்குப் பிறந்த பெண்மகவை 1611இல் ஜஹாங்கீர் மன்னர் மணந்தார். தந்தையும் ‘இத்திமாத்-உத்-தௌலா’ என்னும் விருதுப் பெயருடன் அமைச்சருள் முதல்வராய் உயர்ந்தார். 1621இல் தாயார் அஸ்மத் பேகம் மறைந்தார். துணையைப் பிரிந்த முதியவர் அதன்பின் சில திங்களே உயிர் தரித்து, 1622 தொடக்கத்தில் கண்மூடினார். அவரது உடைமையை மன்னர் நூர்ஜஹானுக்கே வழங்கினார். கட்டிடவேலை 1628 வரை நடந்தது.

தோட்டத்தின் நடுவே, செம்மணற்கல் மேடைமீது வெண்சலவைக்கல் மாளிகை. அதுவரை மொகலாயர் எழுப்பிய பெருஞ் சமாதிகளிற் செந்நிறமே மிகுதி. டில்லியிலுள்ள ஹுமாயூன் சமாதியிற்கூட வெண்கல் கவிகைக்கும் ஓரவரிகளுக்குமே பயன்பட்டது. இங்கோ புறச்சுவர் முழுவதையும் வெண்கல் போர்த்திருக்கிறது. நான்கு மூலையிலும் தூபிகள். உச்சியிலே கவிகைக்கு ஈடாகச் சிறு மண்டபம். தூபிகள் குட்டையானவை, மண்டபமும் சற்றே அழுந்தித் தோன்றுகிறது என்று குறை கூறுவோர் உளர். நாம் அதனை மறுக்கமாட்டோம். அருகிற் சென்று சுவரைப் பார்த்தபின் அக்குறை மறந்துபோம்!

வெண்கல்லில் உளியாற் குழி செதுக்கி, அக்குழியின் வடிவுக்கே அரிந்தெடுத்த வண்ணக்கல்லை அதனுள் பசையிட்டுப் பதித்து, இரண்டும் ஒரே பரப்பாகும்வரை தேய்த்து மெருகிடுவது இவ்வேலைப்பாடு. விரலால் வருடினும் பொருத்து எளிதிற் புலப்படாது. நீலக்கல் முதலான பல நிறக் கற்களில் இங்கே மலர்ச்சாடியும் பன்னீர்க்குப்பியும் ஊசியிலை மரங்களும் கனிகளும் விளங்குகின்றன. மதுக்குடுவையும் கிண்ணமுங்கூட உண்டு! மது விலக்கப்பட்ட சமயத்தாரின் சமாதியில் இவை எங்ஙனம் வந்தன எனச் சிலர் வியப்பர். பாரசீகக் கவிதையிலே மதுவும் சோலையும் பேரின்பத்தின் அடையாளங்கள். அக்கவிதையிலே தோய்ந்த குடும்பம் இது.

உள்ளே, கல்லிற் குடைந்த பலகணி வழியே ஒளி துளித்துளியாய்ச் சிந்துகிறது. நட்ட நடுவில் இருப்பது முதலமைச்சரின் கல்லறையன்று, அவர் மனைவியினது. கணவர் மேற்குப் பக்கத்தே ஒதுங்கித் துயில்கிறார். தாஜ்மகாலிலும் நடுவிலே மும்தாஜ், மேற்கே ஒதுங்கி ஷாஜஹான்! அந்த மும்தாஜ் யார்? நூர்ஜஹானின் தமையனார் ஆசப்கானின் மகள். இங்கே துயிலும் முதியவர்களின் பேர்த்தி. வெண்கல்லும் மலர்ப்பதிப்பும் மூலைத் தூபிகளும் பாட்டனார் வீட்டிலிருந்து பேர்த்தி வீட்டுக்குச் சென்ற சீதனம் என்றே நமக்குத் தோன்றுகிறது. வழிகாட்டிகளோ இதனைக் ‘குட்டித் தாஜ்’ என அழைக்கின்றனர். மூத்தவளைக் குட்டி என்பது முறையாகுமோ?

1627இல் ஜஹாங்கீர் இறந்தார். அரியணைப் போட்டியில் ஷாஜஹான் வென்றார். நூர்ஜஹானின் செல்வாக்கு மறைந்தது. லாகூரில் ஒதுங்கி வாழ்ந்த அவர், அங்கே ஷாதராவில் தமக்கெனவும் ஒரு சமாதி எழுப்பினார். கவிகையோ தூபியோ இல்லாத ஒற்றை மாடிக் கட்டிடம். 1645இல் அவர் அதனுள் அடங்கினார். மகள் லாட்லி பேகமும் அருகிலேயே உறங்குகிறார்.

பெற்றோருக்கு வெண்கல்லிற் பூ விரித்தவரின் சமாதியிலிருந்த சலவைக்கல்லைப் பிற்காலத்தார் பெயர்த்துச் சென்றனர். நெடுங்காலம் அது செங்கல் மேனியுடன் நின்றது. கணவர் ஜஹாங்கீரின் சமாதி அண்மையிலேதான் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் இரண்டுக்கும் குறுக்கே புகைவண்டிப் பாதை போட்டுவிட்டார்கள்.