டூ-இன்-ஒன்னும் திரேஸ்புரம் அண்ணாச்சியும்

என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. ரேடியோவும் டேப்ரிகார்டரும் ஒரே பெட்டியில்! அப்பாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. ஒருநாள் டேப், கேசட்டை மென்று விழுங்கிவிட்டது. பெட்டி ரிப்பேர் கடைக்குப் போனது. கூடவே செய்தி, கிரிக்கெட் கமென்டரி, இலங்கை வானொலி எல்லாமே ரிப்பேர் கடைக்குப் போயாச்சு. இரண்டு வாரம் வீடே நிசப்தம். "தனியா ஒரு ரேடியோ வாங்கியிருக்கலாம்" என்றாள் அம்மா. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

அந்த டூ-இன்-ஒன்தான் இன்றைக்கு நூறு-இன்-ஒன்னாகி உங்கள் சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கிறது. 1994-ல் ஐ.பி.எம். கம்பெனி 'சைமன்' என்று ஒன்றை விற்றது. போன், டைரி, ஃபாக்ஸ் மூன்றும் ஒன்றில். எடை அரைக் கிலோ! பாக்கெட்டில் போட்டால் பாக்கெட் தங்காது. 2003-ல் நோக்கியா 1100 வந்து டார்ச் லைட்டை விழுங்கியது. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி பாட்டுப்பெட்டி, போன், இன்டர்நெட் மூன்றையும் ஒரே கருவியாக்கிக் காட்டினார். அப்புறம் கேமரா, கால்குலேட்டர், அலாரம், கடைசியில் மணிபர்ஸ் வரை காலி.

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், பத்து சொத்து இருந்த பாலன்ஸ் ஷீட்டில் இப்போது ஒரே ஒரு வரி. தேய்மானம் எழுதுவது சுலபம். தொலைந்தால் மட்டும் கம்பெனி திவால்!

ஆக, இனி எல்லாமே ஒரே கருவிதானா? இந்தக் கேள்வியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். (உண்மையில் போனது மீன் வாங்க.)

அங்கே தெரிந்த அண்ணாச்சி ஒருவர், வள்ளத்தில் தங்குகடலுக்குப் போகிறவர், புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். ஜி.பி.எஸ். ஒன்று, வயர்லெஸ் செட் ஒன்று, திசைகாட்டி ஒன்று, டார்ச் இரண்டு. பாலிதீன் கவரில் சுற்றிய செல்போன் தனி.

"எல்லாம்தான் போனிலேயே இருக்கே அண்ணாச்சி, எதுக்கு இத்தனை சாமான்?"

"கரையில இருக்கு தம்பி. கடலுக்குள்ள எவன் டவர் நட்டு வச்சிருக்கான்?"

நியாயம். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் போய்விடும். போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் வேண்டாம். நேரே செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும். ஆனால் உப்புத் தண்ணீர் சொட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள். போனுக்கு விரலும் ஒன்றுதான், நீர்த்துளியும் ஒன்றுதான். நாம் கேட்பது ஒன்று, அது திறப்பது வேறு.

"பேசுறதுக்காவது போன் ஒசத்தி இல்லையா?" என்றேன், விடாமல்.

"போன்ல ஒருத்தன்கிட்டதான் பேசலாம். வயர்லெஸ்ல கத்தினா சுத்தி நிக்கிற அம்புட்டு வள்ளத்துக்கும் கேக்கும். இஞ்சின் நின்னுட்டா எனக்கு மச்சானா வேணும்? பக்கத்துல நிக்கிறவன்தான் வேணும்."

எனக்கு இது தோன்றவே இல்லை. நம் ஆபீஸில் ரகசியமாகப் பேச முடிவதுதான் செல்போனின் பெருமை. வி.எச்.எஃப். வயர்லெஸில் ரகசியமே கிடையாது. நடுக்கடலில் அதுதான் அதன் பலம். நம்பர் தெரிய வேண்டாம், பெயர் தெரிய வேண்டாம், அதே சேனலைத் திறந்து வைத்திருக்கும் எவன் காதிலும் விழும்.

ஆனால் அந்த வயர்லெஸும் எட்டாத தூரம் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, ஆழ்கடலில் நின்ற படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. போன்கள் பையில்தான் இருந்தன. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு 2019-ல் 'ஜெமினி' என்று ஒரு பெட்டி வந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கொண்டுவந்தது. விமானங்களுக்கு வழிகாட்ட ஏற்படுத்திய 'ககன்' செயற்கைக்கோள் ஏற்பாட்டின் வழியே புயல், அலை, மீன் இருக்கும் இடம் எல்லாம் அந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி அதை புளூடூத்தில் செல்போனுக்குத் தரும். கவனித்தீர்களா? சகலத்தையும் விழுங்கிய போனுக்குத் துணையாகத் தனியே ஒரு பெட்டி!

அதிலும் ஒரு குறை. தகவல் வரும், போகாது. 'காப்பாற்று' என்று திருப்பிச் சொல்ல வழியில்லை. அந்தக் குறைக்குத்தான் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர். இரண்டு பக்கமும் செய்தி போகும், ஆபத்துக்கு ஒரு பட்டன். 1 லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் மத்திய அரசு 2024 ஆகஸ்டில் திட்டம் ஆரம்பித்தது. அதுவும் தனிப் பெட்டிதான்.

"பெட்டி கூடிக்கிட்டேதான் போகுது. வலை வைக்க எடம் இருக்கணுமில்ல?" என்று சிரித்த அண்ணாச்சி, எனக்காக ஒரு சீலா மீனை எடுத்து வைத்திருந்தார். கெத்தாகப் போனை எடுத்தேன். க்யூ.ஆர். கோடைத் தேடுவதற்குள் ஸ்கிரீன் கறுத்துவிட்டது. சார்ஜ் காலி. பணம் அதற்குள், பஸ் டிக்கெட் அதற்குள், கடன் கேட்க நண்பர்கள் நம்பரும் அதற்குள்.

மீனைப் பேப்பரில் சுற்றி என் கையில் திணித்தார் அண்ணாச்சி. "துட்டு அடுத்த வாட்டி குடுங்க. தனியா ஒரு பர்ஸ் வச்சிக்கிடுங்க தம்பி."