48 கிலோவில் ஒரு கோள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஷெல்பர்னில் உலை வைத்திருக்கும் ஜோஷ் சிம்ப்சன் 1976 முதல் கண்ணாடியில் கோள்கள் செய்கிறார். தெளிந்த உருண்டைக்குள் பவளத்திட்டு, கண்டம், விண்மீன் கூட்டம் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். 2006-ல் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குச் செய்த ‘மெகாபிளானட்’டின் குறுக்களவு 13 அங்குலம், எடை 107 பவுண்டு. நம் கணக்கில் 33 செ.மீ., 48 கிலோ சொச்சம். அதை அங்கே காகிதப் பாரம் என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள்!

பூமியின் குறுக்களவு 12,742 கி.மீ. அதை 33 செ.மீ.க்குச் சுருக்கினால், சராசரியாக 3.7 கி.மீ. ஆழமுள்ள பெருங்கடல் 0.1 மி.மீ.கூட வராது. சிம்ப்சனின் மனைவி கேடி கோல்மன் முன்னாள் விண்வெளி வீராங்கனை. 2010 டிசம்பர் முதல் 2011 மே வரை சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர். நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரம் இந்த உருண்டைக்கு மேலே வெறும் 1 செ.மீ. ஆக, அளவு பிசகாமல் செய்தால் கடல் ஒரு மெல்லிய பூச்சாகத்தான் நிற்கும். கண்ணுக்கு ஆழம் தெரிய வேண்டுமென்றால் மேலே மேலே தெளிந்த கண்ணாடியை ஏற்ற வேண்டும். இந்தக் கலையில் ஆழத்துக்கு விலை கிலோவில்தான்.

ஆனாலும் மூலப்பொருள் பெரிய செலவல்ல. சாதாரணச் சோடா கண்ணாடி 100 கிலோ எடுக்க மணல் 74, சோடா சாம்பல் 26, சுண்ணாம்புக்கல் 20 கிலோ என ஏறக்குறைய 120 கிலோ போட வேண்டும். மிச்சம் 20 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். 48 கிலோவை 1,200 டிகிரிக்குச் சூடேற்றும் வெப்பமும், தாளில் போட்டால், 20 யூனிட் மின்சாரத்துக்குள்தான். ஆனால் உலையை நினைத்தபோது அணைக்க முடியாது. ஆறினால் கண்ணாடி உருக்கும் மூசை விரிசல் விடும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாக எரியும் அந்தச் சூட்டைத்தான் செலவில் முதலில் எழுத வேண்டும்.

உள்ளே பதிக்கும் வண்ணக் குச்சிகளில் கணக்கு தலைகீழ். 8 செ.மீ. பருமனும் 10 செ.மீ. நீளமும் உள்ள கட்டியை 5 மி.மீ. குச்சியாக இழுத்தால் 25 மீட்டருக்கு மேல் வரும். அதைச் சில்லுகளாக நறுக்கினால் ஆயிரக்கணக்கான கடற்பூக்கள்.

பெரிய உருண்டையின் உண்மையான எதிரி, ஆறும் நேரம். வெளிப்புறம் முந்திக் குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் ஏறி வெடிக்கும். அதனால் 500 டிகிரி வாக்கில் அடுப்பில் வைத்து மெல்ல இறக்குவார்கள். தடிமன் இரட்டித்தால் காத்திருப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த அருங்காட்சியகம் இருக்கும் கார்னிங் ஊரில் 1934-ல் பாலோமர் தொலைநோக்கிக்காக வார்த்த 20 டன் கண்ணாடி வட்டு ஆறச் சுமார் 10 மாதம் பிடித்தது.

5 செ.மீ. கோளின் எடையோ 165 கிராமுக்குள். மெகாபிளானட்டின் கண்ணாடியில் அப்படி 290 செய்யலாம். ஆறுவதற்கு 44-ல் ஒரு பங்கு நேரம் போதும். 1976 முதல் சிம்ப்சன் ஊர் ஊராக ஒளித்து வைத்துவரும் கோள்கள் சிறியவை. பிற்பாடு ‘இன்ஃபினிட்டி புராஜெக்ட்’ என்ற பெயரில் மற்றவர்களும் வாங்கிப்போய் ஒளிக்கிறார்கள். 165 கிராம் என்றால் சட்டைப்பையில் போகும். 48 கிலோவைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்.